ஒரே தொட்டியில் இரண்டு எலக்ட்ரோடு

ஜனவரி 12

அன்புள்ள வாலு,

நான் நலம். உன் நலமும் அத்தையின் முழங்கால் நலமும் அறிய ஆசை. உன் அண்ணனின் நலத்தை நான் விசாரிக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

நான் எங்கே போனேன் என்று வீட்டில் ஆளுக்கொரு கதை கட்டியிருப்பீர்கள். உனக்கு மட்டும் சொல்கிறேன், வாயைத் தைத்துக்கொள். கடலோரத்தில் ஒரு மீன்குஞ்சுப் பண்ணை. அங்கே தண்ணீர் பரிசோதிக்கும் வேலை. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவள் என்றதும் எடுத்துக்கொண்டார்கள். தங்க ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் தொட்டிகள் தெரியும், மூடினாலும் பம்ப் சத்தம் கேட்கும். போனில் கூப்பிடாதே. உன் போனை உன் அண்ணன் எடுத்து நோண்டுவார். அது போக, உன் குரலைக் கேட்டால் நான் அழுதுவிடுவேன். கடிதத்தில் அழுதால் மை கலைவதோடு போகும். கடிதங்களைத் தையற்கடை அக்கா கையிலேயே கொடுத்து வாங்கிக்கொள்.

கண்காட்சியில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும், நீ நம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் இருந்தாய். அடுப்படி மேடையில் உட்கார்ந்து, தண்ணீரின் பிஎச் அளக்கிற அந்த எலக்ட்ரோடை மைக்ரோகன்ட்ரோலர் போர்டோடு பேசவைத்தவள் நான். தண்ணீர் புளிப்பா காரமா என்று அந்தக் கண்ணாடி முனை சொல்வது எறும்பு முணுமுணுக்கிற மாதிரி. நேராகச் செருகினால் போர்டுக்குக் காதே கேட்காது. நடுவில் சத்தத்தைக் கூட்டுகிற பெருக்கிப் பலகை ஒன்றை வைத்து, ஏழு இருந்தால் ஏழு என்றும் நாலு இருந்தால் நாலு என்றும் அது சொல்கிறவரை எத்தனை கிண்ணம் கழுவினேன் என்று நீதான் பார்த்தாயே. மேடையில் உன் அண்ணன் மைக்கைப் பிடித்தார். "நானே யோசிச்சு நானே செஞ்சதுங்க" என்றார். கீழே தண்ணீர் வாளியோடு நின்ற என்னைக் காட்டி, "அவங்க யாரு?" என்று ஒருவர் கேட்டார். "என் வீட்டுக்காரி. அவளுக்கு இதெல்லாம் புரியாதுங்க, வாளி தூக்க வந்தா" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன் வாலு. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என்றைக்காவது அந்த மனிதர் என்னிடம் வந்து, "இது எப்படி வேலை செய்யுது, எனக்குத் தெரியல, சொல்லு" என்று கேட்கவேண்டும். அதுவரைக்கும் அந்த வாசலை மிதிக்க மாட்டேன். வேண்டுதல் கிடையாது, வைராக்கியம்.

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 3

அன்பு அண்ணிக்கு,

வணக்கம். நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மழை வருகிற அன்றைக்கு மட்டும் பேசுகிறது. நீங்கள் விசாரிக்காதவரும் நலம்தான், ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறார். சாப்பாடு வெளியில், அதனால்.

வீட்டில் உங்களைப் பற்றி யாரும் கதை கட்டவில்லை. பேச்சையே எடுப்பதில்லை. அது அதைவிட மோசம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் விஞ்ஞானி அண்ணனுக்குப் பெரிய வாய்ப்பு வந்திருக்கிறது. மீன் பண்ணை முதலாளி ஒருவர் கண்காட்சியில் பார்த்துவிட்டுப் போனாராம். ஒரு தொட்டியில் இரண்டு எலக்ட்ரோடு வேண்டும், மேல் தண்ணீருக்கு ஒன்று, கழிவு தேங்கும் அடித் தண்ணீருக்கு ஒன்று, ஏப்ரலில் எல்லார் முன்னாலும் செய்துகாட்டினால் அத்தனை தொட்டிக்கும் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். அண்ணனும் "ஒண்ணு வந்தா ரெண்டு வராதா" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அதே போர்டில் இரண்டாவது எலக்ட்ரோடையும் சேர்த்து நான்தான் சால்டரிங் செய்து பற்றவைத்தேன்.

அண்ணி, தனித்தனியாக முக்கினால் இரண்டும் உத்தமமாக இருக்கின்றன. ஒரே தொட்டியில் சேர்ந்து இறங்கினால் இரண்டும் பொய் சொல்கின்றன. ஏழு இருக்கவேண்டிய தண்ணீரை ஒன்று ஐந்து என்கிறது, இன்னொன்று ஒன்பது என்கிறது. ஒன்றை வெளியே எடுத்ததும் மற்றது நல்ல பிள்ளையாகிவிடுகிறது. ஏன்? அண்ணனுக்குத் தெரியாமல் கேட்கிறேன். அவருக்குத் தெரிந்தால் என் காதைத் திருகுவார்.

உங்கள்
வாலு

பிப்ரவரி 11

அன்புள்ள வாலு,

உன் கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி. எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. இங்கே காற்று உப்பு, தலைமுடி கயிறாகிவிட்டது, மற்றபடி சுகம்.

எலக்ட்ரோடு விஷயம். முதலில் அதை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று பார். கண்ணாடி முனை காயவே கூடாது. வெறும் தண்ணீரிலும் போட்டுவைக்காதே, பொட்டாசியம் குளோரைடு கரைசலை மூடியில் ஊற்றி அதற்குள் நிறுத்திவைக்கவேண்டும். காய்ந்துபோயிருந்தால் ஒரு ராத்திரி ஊறவிடு. துணியால் தேய்த்துத் துடைக்காதே, காகிதத்தால் ஒற்றி எடு. பிறகு காலிபரேஷன், அதாவது அதற்கு அளவு சொல்லிக்கொடுப்பது. ஏழாம் நம்பர் கரைசலில் முதலில், நாலில் அடுத்து. நடுவில் நல்ல தண்ணீரில் அலசு. அவசரப்படாதே, எண் ஓய்ந்து நிற்கும்வரை பொறு. உன் அண்ணன் பொறுக்க மாட்டார், அதனால் நீயே செய்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு எழுது. அத்தைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 28

அன்பு அண்ணிக்கு,

வணக்கம். ஒத்தடம் கொடுக்கிறேன், அம்மா உங்கள் கை மாதிரி வரவில்லை என்கிறார்.

நீங்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். ஊறவைத்தேன், ஒற்றினேன், அலசினேன், காத்திருந்தேன். தனியாக முக்கினால் முன்பைவிடத் துல்லியம். சேர்த்து முக்கினால் பழைய குருடி கதவைத் திறடி.

அண்ணன் இப்போது என் பக்கம் திரும்பிவிட்டார். "கருவியில ஒண்ணும் கோளாறில்ல. நீ பத்தவெச்ச லட்சணம் அப்படி" என்கிறார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறார். ஒரே பலகையை நாலு தரம் கழற்றிப் பற்றவைத்துவிட்டேன். விரல் நுனியெல்லாம் கொப்புளம். ஏப்ரலில் கவிழ்ந்தால் என்னைக் கடையைவிட்டு அனுப்பிவிட்டு அட்டைப்பெட்டி மடிக்கும் வேலைக்குச் சேர்த்துவிடுவாராம். படிப்பை நிறுத்திவிட்டு நான் கற்றுக்கொண்டது இந்த ஒரு வேலைதான் என்று உங்களுக்குத் தெரியும்.

நேராகக் கேட்கிறேன். ஒன்று இறங்கினால் மற்றது ஏன் உளறுகிறது?

வாலு

மார்ச் 17

அன்புள்ள வாலு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது. ஒரு தொட்டியில் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன, அதோடு மல்லுக்கட்டினேன்.

தண்ணீரின் சூட்டைக் கணக்கில் சேர்த்தீர்களா? சூடு மாறினால் எண்ணும் மாறும். எலக்ட்ரோடின் ஒயரை ஆட்டக்கூடாது, பக்கத்தில் யாராவது நடந்தாலே துள்ளும். செருகும் முனையில் ஈரம் பட்டால் தொலைந்தது. எலக்ட்ரோடுக்கும் வயது உண்டு. பழையதாக இருந்தால் புதிதாக இரண்டு வாங்கிப் பார்க்கச் சொல்.

உன் அண்ணன் சத்தம் போடுவதற்கெல்லாம் பயப்படாதே. குரைக்கிற நாய் கடிக்காது. கொப்புளத்துக்கு மருந்து போடு.

அவர் ராத்திரி தூங்குகிறாரா? நகத்தைக் கடிக்கிறாரா? விவரமாக எழுது.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 26

அண்ணிக்கு,

வணக்கம். நலம்.

புதிதாக இரண்டு வாங்கினோம். சூடு சேர்த்தோம். ஒயரைக் கட்டிவைத்தோம். அப்படியேதான் இருக்கிறது. அண்ணன் தூங்குவதில்லை, நகமும் கடிக்கிறார். இதைத்தானே கேட்டீர்கள்.

மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். இதற்கு மேல் கேட்க மாட்டேன்.

வாலு

ஏப்ரல் 4

அன்புள்ள வாலு,

நலம்தானே? உன் கடிதம் சின்னதாக இருந்தது. காய்ச்சலா?

நீ கேட்டதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு தரம் காலிபரேஷன் செய்து பாருங்களேன்.

செய்துகாட்டும் நாளன்றைக்கு நீயும் போவாய்தானே? முன்னால் உட்கார். எல்லாவற்றையும் பார். அத்தைக்கு என் அன்பு.

அண்ணி

மே 5

அன்புள்ள வாலு,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. தையற்கடை அக்காவிடம் போனில் கேட்டால், "கடிதாசி ஒண்ணும் குடுக்கலியே" என்கிறார். செய்துகாட்டும் நாள் முடிந்திருக்குமே. கவிழ்ந்தாரா? மைக்கைப் பிடித்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தாரா? ஒரு வரி எழுதேன். இங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தினாலா பயத்தினாலா என்று எனக்கே விளங்கவில்லை.

அத்தை நலமா? நீ நலமா? அவருக்கு ஒன்றும் இல்லையே?

அண்ணி

மே 19

அண்ணிக்கு,

எல்லாரும் நலம். நீங்கள் கடைசியாக விசாரித்தவர் உட்பட.

நாள் முடிந்தது. நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். அதே கண்காட்சி அரங்கு, அதே மேடை. நடுவில் கண்ணாடித் தொட்டி. அண்ணன் முதல் எலக்ட்ரோடை இறக்கினார், ஏழு. கைதட்டினார்கள். இரண்டாவதை இறக்கினார். ஐந்து, ஒன்பது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அண்ணனுக்கு வியர்த்தது. நீங்கள் பார்த்திருக்கவேண்டும், வயிறு குளிர்ந்திருக்கும். ஆனால் அவர் விழித்துக்கொண்டு நிற்கவில்லை அண்ணி. திரும்பினார், முன்வரிசையில் இருந்த என்னைக் கைகாட்டினார். "என் தங்கச்சிதாங்க பத்தவெச்சா. பொண்ணு கைல குடுத்தது என் தப்பு" என்றார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். முன்னால் உட்காரச் சொன்னது நீங்கள்.

இனி உங்களுக்குத் தெரியாதது. காரணத்தை நானே கண்டுபிடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கடையில் ஒருநாள் பிளக் போதவில்லை. இரண்டாவது எலக்ட்ரோடை ஒரு பழைய போர்டில் மாட்டி, என் போன் பேட்டரியில் ஓடவிட்டேன். அதே தொட்டி, இரண்டும் ஏழு. இரண்டு மருமகள்களையும் ஒரே அடுப்படியில் விட்டதுதான் கோளாறு. ஒரே போர்டு, ஒரே சப்ளை என்றால் ஒன்றின் மின்சாரம் தண்ணீர் வழியாக மற்றதன் காலை வாரிவிடுகிறது. ஆளுக்கொரு போர்டு, ஆளுக்கொரு பேட்டரி கொடுத்துத் தனிக்குடித்தனம் வைத்தால் சண்டை தீர்ந்தது. அண்ணனிடம் நான் சொல்லவில்லை. தினமும் என் கையைக் குறை சொன்ன மனிதர் கவிழட்டும் என்று விட்டேன்.

அவர் கைகாட்டியதும் எழுந்து மேடைக்குப் போனேன். பையிலிருந்து இன்னொரு போர்டையும் பேட்டரியையும் எடுத்து, ஒயரை மாற்றிச் செருகினேன். ஏழு, ஏழு. முதலாளி எலுமிச்சைச் சாற்றைக் குழாய் வழியாக அடித் தண்ணீரில் விட்டுப் பார்த்தார், அடி எலக்ட்ரோடின் எண் மட்டும் இறங்கியது. "யாரும்மா இத செஞ்சது?" என்று கேட்டார்.

"நான்" என்றேன்.

இரட்டை எலக்ட்ரோடைப் பொறுத்தவரை அது பொய் இல்லை. முதலில் செய்த ஒற்றை எலக்ட்ரோடு உங்களுடையது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றை யாராவது கேட்டால் "தெரியாது" என்று பட்டென்று சொல்கிற ஆள் நீங்கள். தெரிந்ததனால்தான் பக்கம் பக்கமாகச் சுற்றி வளைத்தீர்கள். என் விரலில் கொப்புளம் என்று எழுதினேன், மருந்து போடச் சொன்னீர்கள்.

வேலை என் பெயரில் வந்திருக்கிறது. அண்ணன் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து பற்றவைக்கிறார். தனிக்குடித்தனம் ஏன் என்று அவருக்கு இன்னும் புரியவில்லை. நானும் சொல்லவில்லை.

உங்களைக் கேட்க எனக்கு இனிமேல் ஒன்றும் இல்லை.

வாலு

ஜூன் 27

வாலு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும், கேட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, நீயும் உன் அண்ணனும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டித் திட்டி வாய் ஓய்ந்ததும் உன் பழைய கடிதங்களை எடுத்தேன். மூன்று தரம் கேட்டிருக்கிறாய், காரணம் தெரிந்தும் நான் மழுப்பியிருக்கிறேன். அவரை அடிப்பதாக நினைத்து நான் ஓங்கிய கை உன் கன்னத்தில் விழுந்திருக்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை என்று எழுதலாம், அதுவும் சுற்றி வளைப்பதுதான். அவர் உன்மேல் பாய்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே விட்டேன். அவர் கவிழ்வதைப் பார்க்கிற ஆசையில் நீ கண்ணில் படவில்லை. எனக்கு மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லை, இதையே அப்படி எடுத்துக்கொள்.

நான் எழுதாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. உங்களிடம் வாங்குகிற முதலாளிதான் எனக்கும் முதலாளி. உன் முதல் கடிதத்திலேயே சந்தேகப்பட்டேன், விசாரித்ததில் சரியாக இருந்தது. அவர் பண்ணைப் பக்கம் வருவதே அபூர்வம், அதனால் மேடையில் நடந்தது என் காதுக்கு வரவில்லை. நீ அனுப்பிய கருவிப் பெட்டிகள் நேற்று என் மேஜைக்கு வந்திருக்கின்றன. நான் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் எந்தப் பெட்டியும் இங்கே தண்ணீரில் இறங்கும்.

ஒவ்வொன்றையும் ஏழிலும் நாலிலும் முக்கினேன். தொட்டியில் ஜோடியாக இறக்கினேன். உன் கை அழகான கை வாலு. ஒவ்வொரு பற்றும் பளபளவென்று மணிமணியாக இருக்கிறது. பெட்டியின் மேல் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு உன்னோடு நேரில் ஒரு சண்டை பாக்கி, தயாராக இரு.

ஒன்றே ஒன்று தேறவில்லை. எண் நடுங்கியது. திறந்தால் உருண்டை உருண்டையாக, மங்கலாக, ஆறிப்போன பற்று. சால்டரிங் இரும்பு சூடாகும்வரை பொறுக்காத கை யாருடையது என்று எனக்குச் சொல்லித் தெரியவேண்டுமா? "பற்றவைப்பு சரியில்லை. செய்தவரே சரிசெய்து, என்ன செய்தார் என்று எழுதி அனுப்பவும்" என்று தட்டச்சு செய்து, பரிசோதகர் என்று மட்டும் முத்திரை குத்தித் திருப்பி அனுப்புகிறேன். பிரித்துப் படிப்பதை அவரிடமே விடு.

அண்ணி

ஜூலை 8

அன்பு அண்ணிக்கு,

வணக்கம். நலம். சண்டைக்குத் தயார். பெட்டியில் உங்கள் பெயருக்கு இடம் இருக்கிறது, எழுத்து எந்த அளவு வேண்டும் என்று சொல்லுங்கள்.

பெட்டி வந்தது. அண்ணனே பிரித்தார், படித்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வந்திருந்த வாடிக்கையாளர் எட்டிப் பார்த்து, "என்னங்க, பத்தவெப்பு சரியில்லையாமே" என்று சத்தமாகப் படித்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பின்கட்டுக்கு ஓடிவிட்டேன். திரும்பி வந்தால், "யாரு இந்தப் பரிசோதகர்?" என்கிறார்.

"யாரோ ஒரு அம்மாவாம்" என்றேன்.

"ரொம்ப விவரமான அம்மாவா இருப்பாங்க போல. பெட்டியத் தொறந்து பாத்திருக்காங்க."

"விவரம்தான். கறார் வேற."

அதிலிருந்து ஏதோ எழுதுகிறார், கிழிக்கிறார், மறுபடி எழுதுகிறார். உங்கள் பண்ணை முகவரியைக் கேட்டு வாங்கினார். உஷாராக இருங்கள்.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை.

உங்கள்
வாலு

ஜூலை 21

அன்புள்ள வாலு,

நலம். நீங்கள் எல்லாரும் நலமாக இருக்கவேண்டும்.

உன் அண்ணனின் கடிதம் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் எனக்கு எழுதிய முதல் கடிதம். உனக்காக அப்படியே பார்த்து எழுதுகிறேன்.

"மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம். தங்கள் நலமறிய விரும்புகிறேன். தாங்கள் சுட்டிக்காட்டிய பிழை என்னுடையதுதான். இரும்பு சூடாகும் முன்பே அவசரப்பட்டுவிட்டேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்திருக்கிறேன். இன்னொரு விஷயம் கேட்கலாமா என்று தெரியவில்லை. இரண்டு எலக்ட்ரோடுக்கும் தனித்தனி போர்டு, தனித்தனி பேட்டரி எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். தாங்கள் நேரம் ஒதுக்கிச் சொன்னால் கற்றுக்கொள்வேன். தவறாக ஏதும் கேட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்."

படித்ததும் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். குதிக்கவும் செய்தேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் இவ்வளவு மரியாதையாகக் கேட்கத் தெரிந்த மனிதர்தான் வாலு அவர். கூடவே இருந்தவளிடம்தான் அவருக்கு வரவில்லை.

பதில் எழுதிவிட்டேன். எதையும் ஒளிக்காமல், படம் போட்டு, தனிக்குடித்தனம் என்று உன் சொல்லையே வைத்து, இரண்டு பக்கம். இந்த முறை முத்திரை இல்லை, அடியில் என் முழுப்பெயர். அடுத்த திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறேன், அதுவரை நகத்தைக் கடிக்கட்டும். அது வருகிற அன்றைக்கு நீ கடையைவிட்டு எங்கேயும் போகாதே. கடைசி வரிக்கு வரும்போது அவர் முகம் எப்படிப் போயிற்று என்று ஒன்றுவிடாமல் எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணி